பவித்ராவின் சுருளும் உன் கல்யாண ஆல்பமும்

சாமி,

அன்புள்ள மகனுக்கு என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது இருக்கிற கோபத்தில் அந்த வார்த்தை வர மாட்டேன் என்கிறது. அன்பு எங்கேயும் போய்விடாது, எழுத எழுத வரும். முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பவித்ரா கடைக்கு வந்தாள். நான் முடியை இளக்குகிற கிரீம் டப்பாவை மேசைமேல் எடுத்து வைத்து, அவள் தோளில் துண்டைப் போட்டு, சீப்பைக் கையில் எடுத்த பிறகு நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். "நான் கொஞ்சம் யோசிக்கணும் அத்தை" என்றாள். முடியைப் பற்றித்தான் யோசிக்கப் போகிறாள் என்று நினைத்து, சரி கண்ணு என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பத்திரிகை குடுக்கறத இப்போதைக்கு நிறுத்தி வெக்கச் சொல்லி எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன் அத்தை" என்று தலையை நிமிர்த்தாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கல்யாணத்தையே யோசிக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உனக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். போன வாரம் என்னிடம் கத்திவிட்டு வைத்தவன், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு மீதியை ஓட்டிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பொம்மசந்திராவில் இருக்கிற உன் ரூமுக்கு அப்பா கையில் கொடுத்தனுப்பப் போகிறேன். வழியில் அவர் பிரித்துப் படித்தாலும் சரி, உன் ரூம் நண்பர்கள் படித்தாலும் சரி, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அவர்களும் படிக்கட்டும், அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. எழுத உட்கார்ந்த இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் என்ன ஆயிற்று என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன், அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. கடை வாசலுக்குப் போகிறேன், கம்பெனி பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது, அவள் இருக்கிறாளா என்று ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். உன் அப்பா டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏன் இப்படிக் கால்ல சக்கரம் கட்டிக்கினு திரியற? பையன் வந்தா பேசிக்கலாம் உடு" என்கிறார். அவருக்கு எல்லாமே வந்தால் பேசிக்கொள்கிற விஷயம்தான். இது அப்படி விடுகிற விஷயம் இல்லை.

முதலிலிருந்தே வருகிறேன், ஏனென்றால் நீ செய்தது என்னவென்றே உனக்குத் தெரிந்திருக்காது என்று சந்தேகப்படுகிறேன். நிச்சயம் முடிந்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் மலைக்கோயிலுக்குப் போனீர்கள். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பின்னலை உலர்த்த அவள் அவிழ்த்தாள். பெண் பார்க்கப் போன அன்று எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, மேலே மல்லிகையும் கனகாம்பரமும் வைத்து அமுக்கியிருந்த முடியைத்தான் அதுவரை நீ பார்த்திருந்தாய். அது காயக் காய எழும்பித் தோள் அகலத்துக்கு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தாய். ஒரு போட்டோ எடுத்தாய். அதைக் கம்பெனி நண்பர்கள் குரூப்பில் போட்டாய். அதில் எவனோ ஒருவன் என்னவோ எழுதினான். என்ன எழுதினான் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே எனக்குப் போன் வந்தது. "அம்மா, பவித்ராவ ஒருநாளு கடைக்கு வரச் சொல்றேன். முடிய கொஞ்சம் சரி பண்ணி உடும்மா. ஆல்பம் காலத்துக்கும் இருக்கறது பாரு" என்றாய். நானும் புருவம் எடுக்க வருகிற பெண்ணுக்குச் சொல்வதுபோல, சரி அனுப்பு என்றேன். அந்த சரியை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவளைக் கேட்டாயாடா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கடையில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள், வாய் தானாகச் சொல்லிவிட்டது. இதில் என் பங்கு அது, அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் நீ நினைப்பதுபோல் நான் இந்த வேலைக்கு விரோதி இல்லை. விரோதியாக இருந்தால் மூக்கண்டப்பள்ளியில் வீட்டு முன்னறையை பியூட்டி பார்லராக மாற்றி இத்தனை வருடம் நடத்தியிருப்பேனா? என் தலையும் பவித்ரா தலையும் ஒரே ரகம். ஒரு முடியைப் பிடித்து இழுத்தால் முழங்கைவரை வரும், விட்டால் காதுக்கு ஏறிவிடும். சின்ன வயதில் எனக்குத் தலைவார வீட்டில் யாரும் முன்வர மாட்டார்கள். வாரும்போது நானும் அழுவேன், வாருகிறவர்களும் அழுவார்கள். தொழில் கற்றுக்கொண்ட பிறகு நான் முதலில் தளர்த்தியது என் முடியைத்தான். நேராக்கவில்லை, கவனி. நேராக்குவது என்றால் மருந்தைப் போட்டு, சூட்டு இயந்திரத்தில் வைத்து இழுத்து, முடியைத் துடைப்பக் குச்சியாக ஆக்கிவிடுவது. தளர்த்துவது என்றால் மருந்தைக் கொஞ்ச நேரம் மட்டும் விட்டு, அகலப் பல் சீப்பால் மெல்லக் கோதி, இறுகிக் கிடக்கிற சுருள் இளக ஆரம்பிக்கும்போதே கழுவிவிடுவது. சுருட்டை சுருட்டையாகவே இருக்கும், உள்ளே சீப்பு போகும், அவ்வளவுதான். கம்பெனிப் பெண்கள் நிறையப் பேர் என்னிடம் அதற்குத்தான் வருகிறார்கள். அத்திப்பள்ளியிலிருந்து வருகிற ஒரு கன்னடப் பெண், நான் கிரீம் வைத்த மறு நிமிடமே "சாகு அக்கா, சாகு" என்று போதும் போதும் என்பாள், எங்கே ஒரேயடியாக நேராகிவிடுமோ என்ற பயம் அவளுக்கு. உன் அப்பா என் முடியைப் பற்றி இதுவரை நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. வெகு காலம் அதை நான் ஒரு குறையாகவே வைத்திருந்தேன். உன்னைப் பார்த்த பிறகு அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

உன் தலையில் இருப்பது என்ன முடி என்று நான் சொல்லித்தான் உனக்கு ஞாபகம் வர வேண்டுமா? ஒட்ட வெட்டிக்கொண்டால் மறந்துபோகுமா? பாலிடெக்னிக் சேர்ந்த புதிதில் பையன்கள் உன்னை ஸ்டீல் நார் என்று கூப்பிட்டார்கள், பாத்திரம் தேய்க்கிற நாரைச் சொல்லி. வீட்டில் வாயைத் திறக்க மாட்டாய், சோற்றை மட்டும் பிசைந்துகொண்டே இருப்பாய். ஒரு சனிக்கிழமை நான் பாகலூரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போயிருந்தேன். நீ எண்ணெய் வைத்து, அரப்புத் தூள் போட்டுப் பரபரவென்று தேய்த்துத் தலை முழுகிவிட்டு, கடைக்குள் போய் கிரீம் டப்பாவை எடுத்து நீயே பூசிக்கொண்டாய். எரிய ஆரம்பித்ததும் மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நான் வந்து பார்க்கும்போது குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாய். இடது காதுக்குப் பின்னால் தோல் கொப்பளித்துவிட்டது. நான் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன், நீ அழுதுகொண்டே, "இந்தத் தலைய வெச்சிக்கினு இருந்தா எவம்மா என்னக் கட்டிக்குவா?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு இன்னொரு சொம்பு ஊற்றினேன். அந்த இடத்தில் இன்றுவரை முடி முளைக்கவில்லை. சலூனில் அதை மறைக்கிற மாதிரி பின்னால் மட்டும் கொஞ்சம் நீளமாக விடச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் இதுநாள்வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நீ அன்று அரப்புப் போட்டுத் தேய்த்த அதே காரியத்தை அவள் அம்மா போன வாரம் நல்ல மனதோடு செய்துவிட்டார்கள். பவித்ராவுக்கு வார லீவு, கம்பெனி ஹாஸ்டலிலிருந்து தன் ஊரான நாட்றாம்பாளையம் போய், அங்கிருந்து விடியக்காலை பஸ்ஸில் நேராக என் கடைக்கு வந்தாள். ஒரு பையில் அவரைக்காய், ஒரு பையில் ராகி. நாற்காலியில் உட்காரவைத்து வகிடு பிரித்துப் பார்க்கிறேன், மண்டைத்தோல் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கீறல். "என்னா கண்ணு இது, பூனை பொறாண்டுன மாதிரி?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கம்மாதான் அத்தை. எண்ண வெச்சு, அரப்புப் போட்டு, நகத்தாலயே தேய்ச்சு உட்டுச்சு. மாமியாரு கையில தலையக் குடுக்கப் போற, ஒரு பிசுக்கு இருந்தாலும் நம்ம மானம் போயிடும்னு சொல்லிச்சு" என்றாள். நம் பக்கத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் தலை முழுக வேண்டும், அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த மருந்துக்கு மட்டும் தலை முழுகாமல் வர வேண்டும். தலையில் தானாக ஊறுகிற பசைதான் தோலுக்குக் காவல். அதை அரப்புப் போட்டு உரித்துவிட்டு, மேலே நகக் கீறலும் போட்டுவிட்டு மருந்தை வைத்தால் நெருப்பை வைத்த மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும். "இன்னைக்கு வெச்சா நீ போடற சத்தம் ஆனேக்கல்வரைக்கும் கேக்கும். அடுத்த வாரம் வா. அதுவரைக்கும் தலைக்கு ஊத்தாத, சொறியாத" என்று அனுப்பிவிட்டேன். சம்பந்தியம்மாவுக்கும் போன் பண்ணிச் சொன்னேன். அவர்கள் நம்பவே இல்லை. "அழுக்குத் தலையோடவா அனுப்பச் சொல்றீங்க சம்பந்தி? எங்க மேல என்னாங்க கோவம் உங்களுக்கு?" என்று கேட்டார்கள். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

அன்று ராத்திரியே நீ கூப்பிட்டாய். ஏன் திருப்பி அனுப்பினாய் என்று கேட்கவில்லை. "நீ வேணும்னேதான் பண்ற. உனக்கு அவளப் புடிக்கல, அதான் அலைய உடற" என்றாய். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அவளைப் பிடிக்காமலா நான் அவள் மண்டையைக் காப்பாற்றி அனுப்பினேன்? பிடிக்காத மருமகள் என்றால் அந்தக் கீறல் மேலேயே மருந்தை வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேனே. அதை உனக்குச் சொல்ல இந்த ஒரு வாரமாக நான் பட்ட பாடு சொல்லி மாளாது.

நீ என்ன கேட்டாய் என்றும் கொஞ்சம் தெரிந்துகொள். மருந்து வைப்பது ஒரு சின்ன வேலை. நெற்றி ஓரத்திலும் காதிலும் வாஸ்லின் தடவி, காதுக்குப் பின்னால் ஒரே ஒரு கொத்து முடியில் வைத்துப் பார்த்து, அது தாங்குகிறது என்று தெரிந்த பிறகு பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து முன்பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வேன். கழுவும்போது அதற்கென்று ஒரு ஷாம்பு இருக்கிறது. மருந்து உள்ளே இருக்கிறவரை நுரை இளஞ்சிவப்பாக வரும், வெள்ளையாக வந்தால்தான் விடுவேன். அதோடு என் வேலை தீர்ந்தது. அவளுடைய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். இனி எண்ணெய்க் குளியல் என்று அரப்பு, சீயக்காய் பக்கம் போகக் கூடாது, அது முடியை வறட்டிவிடும். ஊரில் நலங்கு வைத்துத் தலைக்கு எண்ணெய் ஊற்றி அரப்புப் போட வருகிற பெண்களிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், கல்யாணப் பெண்ணால் அதைச் சொல்ல முடியுமா? கொஞ்ச நாளைக்கு இறுக்கிப் பின்னக் கூடாது, ஆனால் முகூர்த்தத்துக்கு இடுப்புவரை பூ ஜடை வைத்துத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு முறை தலைக்குக் குளித்த பிறகும் கண்டிஷனர் போட்டு, ஈரத்தோடு நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுக்க வேண்டும், அவசரப்பட்டால் கையோடு வரும். கல்யாணத்துக்குப் பிறகு குடியிருக்க நீ வாடகைக்குப் பிடித்திருக்கிற வீட்டில் போர் தண்ணீர், வாளி ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருப்பதை நான் பார்த்தேன். அந்தத் தண்ணீருக்கு இந்த முடி விறைத்துப்போகும், கடைசிச் சொம்பாவது கேன் தண்ணீர் ஊற்ற வேண்டும். தலையணை உறை வழுவழுப்பான துணியாக இருக்க வேண்டும், பருத்தி இழுக்கும். இத்தனை செய்தாலும் வேரில் புதிதாக முளைப்பது பழைய சுருள்தான். இறுகின முடியும் இளகின முடியும் சேருகிற இடத்தில் ஒடியும். அவள் தரையைக் கூட்டும்போது கொத்துக் கொத்தாக வந்தால் பயந்துபோவாள். அடுத்த முறை மருந்து புதிதாக முளைத்ததற்கு மட்டும்தான், பழையதன் மேல் பட்டால் அறுந்துவிடும். இதையெல்லாம் ஷிஃப்டுக்கும் சமையலுக்கும் நடுவில் அவள் செய்ய வேண்டும், நீ குளியலறைக் கதவைத் தட்டி இன்னும் என்ன செய்கிறாய் என்று கேட்காமல் இருக்க வேண்டும். கூந்தல் ஆல்பத்தில் ஒரு நாள், வீட்டில் தினமும். இதைச் செய்கிறவள் தனக்காகச் செய்தால் அலுப்புத் தெரியாது. என் தலைக்கு நான் இவ்வளவும் செய்கிறேன், ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

அதனால்தான் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் யார் வந்தாலும் நான் ஒரு கேள்வி கேட்பது. இது யாருக்காகம்மா என்று கேட்பேன். எனக்காக என்று பட்டென்று சொன்னால் கையுறையை மாட்டுவேன். மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள், ஆபீஸில் சிரிக்கிறார்கள் என்றால், ஒரு டீ குடித்துவிட்டு வா, பிறகு பேசலாம் என்பேன். பாதிப் பேர் டீ குடித்துவிட்டு வருவார்கள், பாதிப் பேர் அப்படியே போய்விடுவார்கள். இன்று காலை பவித்ரா வந்து உட்கார்ந்தபோது மண்டை நன்றாக ஆறியிருந்தது. சொன்னபடி தலைக்கு ஊற்றாமல், எண்ணெய்ப் பிசுக்கோடு, வெட்கப்பட்டுக்கொண்டே வந்திருந்தாள். அவளிடமும் கேட்டேன். மருமகள் என்பதற்காகக் கேட்காமல் விடக் கூடாது என்றுதான் கேட்டேன், வேறு எந்த எண்ணமும் இல்லை.

கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு துண்டின் நுனியைத் திருகினாள். பிறகு சொன்னாள். "போன மாசம் கேட்டிருந்தீங்கன்னா எனக்காகன்னு சொல்லியிருப்பேன் அத்தை. கம்பெனி லைன்ல தலைக்குக் கேப் போட்டாதான் உள்ள உடுவாங்க. என் தலையில கேப் நிக்காது, நழுவிக்கினே இருக்கும். சூப்பர்வைசர் எல்லாரும் பாக்கறப்ப திட்டுவாரு. கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்டயே வந்து கொஞ்சம் இளக்கி உடச் சொல்லணும்னு நானே நெனச்சிக்கினு இருந்தேன். உங்க முடி எனக்கு அவ்ளோ புடிக்கும்." எனக்கு ஒரே சந்தோஷம், சீப்பைக் கையில் எடுத்து, அப்புறம் என்ன கண்ணு, ஆரம்பிக்கலாமா என்றேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று. "அதுக்குள்ள அவரு சொல்லிட்டாரு அத்தை. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வருவாங்க, எங்கம்மா கடைக்குப் போயி சரி பண்ணிக்கோன்னாரு. இப்போ பண்ணிக்கலன்னா அவரு கோவப்படுவாரு. பண்ணிக்கிட்டா நான் ஒவ்வொரு வாட்டி தலை வாரும்போதும் அந்த வார்த்தையையே நெனச்சுக்குவேன். எனக்கு இருந்த ஆசையே போயிடுச்சு." நான் உனக்குப் பரிந்து பேசினேன், பெற்றவள் இல்லையா. ஏதோ யோசிக்காமல் சொல்லியிருப்பான், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அப்போது அவள் சொன்னதைத்தான் என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கு யாரையும் சரியாப் பாக்கக்கூட தைரியம் இல்ல அத்தை. டீ குடுக்கறப்ப அவரு தலைய மட்டும் பாத்தேன். ஒட்ட வெட்டியிருந்தாலும் தெரியுமில்ல, நம்ம முடின்னு. இவரு எப்படியும் நம்ம தலையப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டாரு, இவருக்குத் தெரியாததான்னு நெனச்சுதான் சரின்னு சொன்னேன்." சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

உன்னை எவள் கட்டிக்கொள்வாள் என்று குழாய்க்கு அடியில் அழுதாயே, அந்தத் தலையைப் பார்த்துத்தான் ஒருத்தி வந்தாள். நீ அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைக் கேலி செய்தவர்கள் அவளையும் கேலி செய்யக் கூடாது என்று நினைத்திருப்பாய், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு நீ அவர்கள் வாயை அடைக்கவில்லை. அவள் தலையைத் திருத்த ஆள் பிடித்தாய், அந்த ஆளும் நானாகப் போய்விட்டேன். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது, ரொம்பப் பிடித்திருக்கிறது, இந்த வீட்டில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நடமாடுவாள் என்று நான் ஆசைப்பட்டுவிட்டேன். மறுபடி எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் இல்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள். போனில் வேண்டாம், மெசேஜில் சாரி என்று ஒரு கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு இருக்க வேண்டாம். என்னைத் தூது அனுப்பாதே, ஒரு முறை உனக்குப் பரிந்து பேசிப் பட்டது போதும். நேரில் போய் நின்று, நான் சொன்னது தப்பு, உன் தலைக்கு நீதான் சொல்ல வேண்டும், நான் இல்லை என்று உன் வாயால் சொல். அந்தக் குரூப்பில் போட்ட படத்துக்குக் கீழே எழுதியவனுக்கு என்ன பதில் சொல்வாய் என்பதையும் அவளுக்குச் சொல்லிவிட்டு வா. அதற்குப் பிறகு அவள் இளக்கிக்கொள்ள வந்தால் நான் கையுறை மாட்டுவேன். அப்படியே இருக்கிறேன் என்றால் அப்படியே மணவறையில் உட்காரட்டும், பரந்து நிற்கிற முடியில் பூ நிற்காது என்று சொல்கிறவர்களுக்கு எப்படி நிற்கும் என்று நான் காட்டுகிறேன். இரண்டில் எதைச் செய்தாலும் அது அவளுடையதாக இருக்க வேண்டும். நீ திரும்ப வாங்காதவரை அவளால் இரண்டையும் செய்ய முடியாது, அந்த முடிச்சை நீ போட்டாய், நீதான் அவிழ்க்க வேண்டும்.

ஒருவேளை அதற்குப் பிறகும் அவள் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் எனக்கு அழுகை வரும், உன்னைக் கட்டிக்கொண்டு அழுவேன், நீ என் பிள்ளை. ஆனால் அவள்மேல் ஒரு குறை சொல்ல மாட்டேன், உன்னையும் சொல்லவிட மாட்டேன். நாளைக்கு அவள் வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டாலும் சரி, கூப்பிட்டால் போய் அன்றைக்கு அவள் தலைக்குப் பூ வைத்துவிட்டுத்தான் வருவேன். இதை உன் காதில் இப்போதே போட்டு வைக்கிறேன்.

அவளுக்கு இன்று மதிய ஷிஃப்ட். ராத்திரி பஸ் மூக்கண்டப்பள்ளி ஸ்டாப்பில் இறக்கிவிடும்போது ஹாஸ்டல் பெண்கள் எல்லோரும் கூடவே வருவார்கள், அவர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும், அவளும் எல்லோர் முன்னாலும்தான் திட்டு வாங்குகிறாள். உன் அப்பா இதை உன் கையில் கொடுத்துவிட்டு, டீ வாங்கிக் குடுடா என்று உட்காருவார். அவருக்கு டீ அப்புறம் கிடைக்கும். வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா பார். படித்து முடித்துவிட்டாய் இல்லையா, இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?

அம்மா